ஒரே பாட்டில் கோடீசுவரன்!

கதாநாயகன் பரம ஏழை. அவன் காதலிக்கும் பெண்ணின் தகப்பனார் பெரிய பணக்காரர். அவர் பெயரே கோடீசுவரன்தான். ஏழைக்குப் பெண் கொடுக்க மாட்டேன் என்கிறார். கதாநாயகன் சவால் விடுகிறான். உடனே ஒரு பாட்டு தொடங்குகிறது.

பாட்டு முடிகிறது. கதாநாயகன் கோடீசுவரன் ஆகிவிட்டான்!

என்ன தொழில் செய்தான்? முதல் போட்டது யார்? லைசென்சு கொடுத்தது யார்? அதெல்லாம் கேட்கக் கூடாது. பாட்டுதான் முதல், பாட்டுதான் வட்டி.

இந்தக் காட்சி வருவது 'தமிழ்ப் படம்' என்ற படத்தில். படத்தின் பெயரே அதுதான். 2010-ம் ஆண்டு ஜனவரி 29-ந் தேதி வெளியானது. தமிழ் சினிமாவையும், அதன் கதாநாயகர்களையும் முதல் காட்சியில் இருந்து கடைசிக் காட்சி வரை கேலி செய்வதற்கென்றே எடுக்கப்பட்ட படம். தமிழில் முழு நீளத்துக்கு இப்படி ஒரு படம் வந்தது அதுவே முதல் தடவை என்று சொல்லலாம்.

1992-ம் ஆண்டு வெளியான 'அண்ணாமலை'யில் பால்காரர் ரஜினிகாந்த் ஒரு பாட்டுக்குள் ஓட்டல் முதலாளி ஆவார். அதற்குக் கை தட்டி, விசில் அடித்தவர்கள்தான் 18 ஆண்டுகள் கழித்து இதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார்கள். ஆள் மாறவில்லை. கொட்டகை கூட மாறவில்லை.

சினிமாப்பட்டியின் குழந்தை

கதை சினிமாப்பட்டி என்ற கிராமத்தில் தொடங்குகிறது. அந்த ஊரில் ஆண் குழந்தை பிறந்தால் உயிரோடு விட மாட்டார்கள். பெண் சிசுக் கொலையைப் பற்றி பாரதிராஜா 1994-ம் ஆண்டு எடுத்த 'கருத்தம்மா'வை அப்படியே தலைகீழாகத் திருப்பி விட்டார்கள். ஆண் பிள்ளை என்றால் சென்னைக்குப் போய் சினிமாக் கதாநாயகன் ஆகிவிடுவான் என்ற பயம்!

அப்படிப் பிறந்த ஒரு குழந்தை வாய் திறந்து பேசுகிறது. என்னைக் கொல்லாதே, கூட்ஸ் வண்டியில் போட்டு சென்னைக்கு அனுப்பி விடு என்று கிழவியிடம் கெஞ்சுகிறது. 1991-ம் ஆண்டு வந்த 'தளபதி'யில் தாய் தன் கைக்குழந்தையை கூட்ஸ் வண்டியில் விட்டு விடுவாள் அல்லவா? அதற்குத்தான் இந்தக் குத்து. (கூட்ஸ் வண்டியில் நிலக்கரி ஏற்றலாம், சிமெண்டு ஏற்றலாம். பிள்ளையை 'புக்' செய்ய எந்த ரெயில்வே விதியிலும் இடம் இல்லை. ஆனால் சினிமாவில் மட்டும் அந்தப் பிள்ளைகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்து விடுகின்றன.)

கிழவியாக நடித்தவர் மறைந்த கிராமியப் பாடகி பரவை முனியம்மா. குழந்தையை அவரே சென்னைக்குக் கொண்டு போய் வளர்க்கிறார். பையன் பெரியவன் ஆவதற்கும் வருடக் கணக்கில் காத்திருக்கத் தேவை இல்லை. சைக்கிள் மிதி கட்டை சுற்றுகிறது. சுற்றி நிற்கும்போது பையன் வாலிபன்!

அந்த வாலிபன்தான் சிவா. ரேடியோவில் அறிவிப்பாளராக இருந்து, 2007-ல் 'சென்னை 600028' படத்தின் மூலம் நடிகர் ஆனவர். டைரக்டர் சி.எஸ்.அமுதனுக்கு இதுவே முதல் படம். விளம்பரத் துறையில் இருந்து வந்தவர். சவர்க்காரத்தையும் பற்பசையையும் அரை நிமிடத்தில் பெரிதாக்கிக் காட்டுவதுதான் அந்தத் தொழில். ஆகவே கதாநாயகனை எப்படிப் பெரிதாக்குகிறார்கள் என்பது அவருக்குச் சுலபமாகப் புரிந்திருக்கும். படத்தைத் தயாரித்தவர் எஸ்.சசிகாந்த். ஒளிப்பதிவு நிரவ் ஷா. இசை கண்ணன்.

ஐம்பதைத் தாண்டிய மாணவர்கள்

படத்தில் மிகவும் ரசிக்கத்தக்கது கதாநாயகனின் நண்பர்கள். கல்லூரி மாணவர்கள் மூன்று பேர். நடித்தவர்கள் யார் தெரியுமா? வெண்ணிற ஆடை மூர்த்தி, மனோபாலா, எம்.எஸ்.பாஸ்கர்! மூவருமே அப்போது ஐம்பதைத் தாண்டியவர்கள். பனியனும் ஜீன்சும் போட்டுக் கொண்டு வாலிபர்களாக வருகிறார்கள். படத்தில் அவர்களுடைய பெயர் நகுல், சித்தார்த், பரத். 2003-ல் ஷங்கர் எடுத்த 'பாய்ஸ்' படத்தில் அறிமுகமான மூன்று இளைஞர்களின் பெயர்கள் அவை.

சிரிப்பு ஒரு பக்கம் இருக்கட்டும். தமிழ் சினிமாவில் நாற்பது வயதுக் கதாநாயகன் புத்தகத்தைக் கையில் பிடித்துக் கொண்டு கல்லூரிக்குப் போவதை நாம் எத்தனை காலம் பார்த்திருக்கிறோம்? ஒரு நாளாவது சந்தேகம் வந்ததா? மூர்த்தி போனால்தான் சிரிப்பு வருகிறது. கதாநாயகன் போனால் வருவதில்லை. அந்த வித்தியாசத்தைத்தான் படம் சுட்டிக் காட்டுகிறது.

காதலி நாட்டியப் பிரியை. ஆகவே ஒரே ராத்திரியில் கதாநாயகன் பரத நாட்டியம் கற்றுத் தேறுகிறான். தன் பிறப்பைத் தேடிப் போய் குடும்பப் பாட்டைப் பாடி, பெற்றோரைக் கண்டுபிடிக்கிறான். எம்.ஜி.ஆரின் 'நாளை நமதே' 1975-ல் வந்ததில் இருந்து குடும்பப் பாட்டுக்கு உள்ள சக்தி நமக்குத் தெரிந்ததுதானே! கடைசியில் கள்ளக் கூட்டத்தின் தலைவன் யார் என்று பார்த்தால், வளர்த்த பாட்டியே!

பின்பாதியில் படம் கொஞ்சம் இழுக்கிறது. ஒரு படத்தைக் கிண்டல் செய்து முடிப்பதற்குள் அடுத்த படத்துக்குத் தாவுகிறது. மூலப் படத்தைப் பார்க்காதவர்களுக்குப் பல இடங்களில் சிரிப்பு வராது. நூறு படமாவது பார்த்தவனுக்குத்தான் முழுப் படமும் புரியும். அப்படிப்பட்டவர்களுக்குத் தமிழ்நாட்டிலும் பஞ்சம் இல்லை, மும்பையிலும் பஞ்சம் இல்லை.

பாட்டும் பாடும்

தாராவியிலும் சயான் கோலிவாடாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு அந்த ஒரே பாட்டுக் காட்சியில் கூடுதலாக ஒரு சிரிப்பு உண்டு. நெல்லையில் இருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள் அவர்கள். விடிவதற்கு முன் எழுந்து இட்லி அவித்து, தலையிலும் சைக்கிளிலும் சுமந்து விற்றார்கள். சீட்டுப் பிடித்து, ஊருக்கு மணியார்டர் அனுப்பி, தங்கை கல்யாணத்தை முடித்து, அதன் பிறகு சொந்தமாக ஒரு கோலி வாங்க இருபது ஆண்டுகள் ஆனவர்கள் உண்டு. அந்த இருபது ஆண்டுகளிலும் ஞாயிற்றுக்கிழமை கையில் இருந்த காசைக் கொடுத்து அவர்கள் பார்த்தது, ஐந்து நிமிடத்தில் ஒருவன் பணக்காரன் ஆவதை!

மாட்டுங்காவில் தமிழ்ப் படங்களுக்குப் பெயர் பெற்றிருந்த அரோரா தியேட்டரில் புதுப் படம் வந்த நாட்கள் பழைய ஆட்களுக்கு நினைவு இருக்கும். ஊர்ப் பேச்சும் ஊர் முகங்களும் வேண்டும் என்றால் அங்கேதான் போக வேண்டும். கதாநாயகன் வெறும் நடிகன் அல்ல, ஊரில் இருந்து வந்த உறவுக்காரன் மாதிரி. ஒரே அறையில் எட்டுப் பேர் தங்கி இருப்பார்கள். சாப்பாட்டுக் கணக்கில் வராத சண்டை, யாருடைய கதாநாயகன் பெரியவன் என்பதில் வந்து விடும். அந்த உறவுக்காரனைக் கிண்டல் செய்தால் கோபம் வருமா, சிரிப்பு வருமா? படம் எடுத்தவர்களுக்கு இருந்த உண்மையான கேள்வி அதுதான்.

சிரிப்பு வந்தது. படம் வெற்றி பெற்றது. 2012-ம் ஆண்டு இதே பாணியில் தெலுங்குப் படங்களைக் கேலி செய்து, அல்லரி நரேஷ் நடித்த 'சுடிகாடு' வந்தது. தமிழிலும் இரண்டாம் பாகம் 2018-ல் வெளியானது.

துணிச்சல் என்று பலரும் பாராட்டினார்கள். துணிச்சல்தான். ஆனால் இரண்டு விஷயங்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். விஜய் டி.வி.யில் வந்த 'லொள்ளு சபா', பெரிய படங்களை எல்லாம் கிழித்துத் தொங்கப் போட்டு ரசிகர்களை ஏற்கனவே பழக்கி வைத்திருந்தது. சந்தானம் பெயர் வாங்கியது அதில்தான். இன்னொன்று, 'தமிழ்ப் பட'த்தை வெளியிட்டது தயாநிதி அழகிரியின் நிறுவனம். அப்போது முதல்-அமைச்சராக இருந்த கருணாநிதியின் பேரன் அவர். துணிச்சலை அளக்கும்போது இதையும் ஓர் ஓரமாக வைத்துக் கொள்ளலாம்.

ஓஹோ புரொடக்சன்ஸ்

சினிமாவை சினிமாவே கிண்டல் செய்வது தமிழுக்குப் புதிது அல்ல. 1964-ம் ஆண்டு ஸ்ரீதர் எடுத்த 'காதலிக்க நேரமில்லை'யை யாரால் மறக்க முடியும்? எஸ்டேட் முதலாளி பாலையாவின் மகன் செல்லப்பாவாக நாகேஷ். சினிமாப் பைத்தியம். 'ஓஹோ புரொடக்சன்ஸ்' என்று கம்பெனி தொடங்கி விடுவார். பெயர் இருக்கும், கதை இருக்காது. கம்பெனி இருக்கும், பணம் இருக்காது. கதாநாயகியாகப் போட உள்ளூர்ப் பெண்ணான சச்சுவைப் பிடிப்பார். பணத்துக்குத் தகப்பனாரை நச்சரிப்பார்.

அந்தத் தகப்பனாருக்கு அவர் பேய்க் கதை சொல்லும் காட்சி இருக்கிறதே! கதை என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. இருட்டு, நடை, வாயாலேயே எழுப்பும் சத்தம், அவ்வளவுதான். கேட்டுக் கொண்டிருக்கும் பாலையாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறும். கதையே இல்லாமல் பின்னணிச் சத்தத்தை வைத்தே பயமுறுத்தும் படங்களை அதைவிட அழகாக யாரும் கேலி செய்தது இல்லை. நகைச்சுவையில் சித்ராலயா கோபுவுக்குப் பெரும் பங்கு உண்டு. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அது புளிக்கவில்லை. 'தமிழ்ப் பட'த்தின் பல காட்சிகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா என்பது சந்தேகம்.

ஆனால் ஓஹோ புரொடக்சன்ஸ் கேலி செய்தது பட அதிபரை. கதாநாயகன் மீது கை வைக்கவில்லை. 1964-ல் அது நடக்கிற காரியமும் அல்ல.

குந்தன் என்ற துணை நடிகன்

கதாநாயகன் மீது, மெதுவாகத்தான் என்றாலும், கை வைத்தது பம்பாயில் இருந்து வந்த ஓர் இந்திப் படம். ஹிருஷிகேஷ் முகர்ஜி 1971-ல் எடுத்த 'குட்டி'. ஜெயபாதுரி பள்ளி மாணவியாக வருவார். நடிகர் தர்மேந்திரா மீது பைத்தியம். தர்மேந்திரா தர்மேந்திராவாகவே நடித்தார். அந்தப் பெண்ணின் பைத்தியத்தைத் தெளிய வைக்க வேண்டி ஸ்டூடியோவுக்குள் கூட்டிப் போய்க் காட்டுகிறார்கள். சண்டையில் உயிரைப் பணயம் வைப்பது கதாநாயகன் அல்ல, டூப் என்று அவள் கண்ணாலேயே பார்க்கிறாள்.

தமிழில் இதே கதை 1975-ல் 'சினிமா பைத்தியம்' என்று வந்தது. முக்தா சீனிவாசன் டைரக்டு செய்தார். ஜெயசித்ரா மாணவி. ஜெய்சங்கர் ஜெய்சங்கராகவே வந்தார். கமல்ஹாசனும் நடித்தார். தன் பெயருக்குத் தானே குழி தோண்டும் வேஷத்தை ஒப்புக் கொண்டதற்காக ஜெய்சங்கரையும் தர்மேந்திராவையும் பாராட்டத்தான் வேண்டும்.

'குட்டி'யில் மனதில் நிற்பவன் இன்னொருவன். அஸ்ரானி நடித்த குந்தன். கதாநாயகன் ஆகலாம் என்று ஊரை விட்டு பம்பாய்க்கு ஓடி வந்தவன். கூட்டத்தோடு கூட்டமாகத் துணை நடிகனாக நிற்பான். சினிமா ஆசையில் பம்பாய்க்கு ரெயில் ஏறிய பையன்கள் தமிழ்நாட்டில் இருந்தும் உண்டு. கோடம்பாக்கத்துக்குப் போனவர்களுக்குக் கணக்கே கிடையாது. அவர்களில் ஒருவனைத் திரையில் காட்ட ஒரு டைரக்டருக்கு மனம் இருந்தது.

'தமிழ்ப் பட'த்தில் குந்தன் இல்லை. அது ஒரு குறைதான். கதாநாயகனின் சட்டையைப் பிடித்து உலுக்கியவர்கள், அவனுக்காகக் கீழே விழுந்து எலும்பை முறித்துக் கொள்கிறவனையும், வட்டிக்குப் பணம் கொடுக்கிறவனையும், முதல் நாள் டிக்கெட்டை மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவனையும் எட்டிப் பார்க்காமல் விட்டு விட்டார்கள். என்றாலும் அந்த மூன்று 'மாணவர்களை'யும் வருடக் கணக்கில் கதாநாயகனுக்குப் பக்கத்தில் நின்று அடி வாங்கியவர்களாகவே நாம் பார்த்திருக்கிறோம். இந்தப் படத்தில் கதாநாயகனை விட அவர்களுக்குத்தான் கை தட்டல் அதிகம். ஏதோ கொஞ்சம் கணக்குத் தீர்ந்தது.

ஒரு பாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 'ஓ மகசீயா' என்று தொடங்கும் டூயட். ஹரிஹரனும் சுவேதா மோகனும் பாடியது. சினிமாப் பாட்டுகளில் அர்த்தமே இல்லாமல் வரும் சொற்களாகப் பொறுக்கி எடுத்து, அவற்றை மட்டும் கோத்துக் கட்டிய பாட்டு. ஆரம்பம் முதல் முடிவு வரை அர்த்தம் உள்ள ஒரு வரி கூடக் கிடையாது. கேலிக்காகத்தான் போட்டார்கள். மெட்டு இனிமையாக அமைந்து விட்டது. பாட்டு 'ஹிட்' ஆகிவிட்டது. வேலைக்குப் போகும் வழியில் அதை உருக்கமாகப் பாடிக் கொண்டு போனவர்கள் உண்டு.