கோடியக்கரைக்குத் தெற்கே உள்ள கடல்

நம் கோவில்பத்திலிருந்து நேராகத் தெற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில் கோடியக்கரை. அங்கே கரை மேற்கே திரும்புகிறது, பாக் நீரிணை தொடங்குகிறது. 1763 முதல் 1767 வரை சென்னை கவர்னராக இருந்த ராபர்ட் பாக் பெயரால் இது அழைக்கப்படுகிறது. அகலம் 53 முதல் 80 கி.மீ. இதையடுத்த பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லை. அதற்கும் தெற்கே, பாவா ஆதம் (அலை) அவர்கள் கடந்து வந்ததாக மக்கள் சொல்லும் ஆதம் பாலத்தின் மணல்திட்டுகள். பெரிய கப்பல்கள் இன்றும் இலங்கையைச் சுற்றித்தான் போகின்றன.

ஆழமில்லாத கடல் சாது என்று நினைக்கக் கூடாது. வாடைக்காற்று வீசும் மாதங்களில் வங்கக்கடலின் நீர் தெற்கே தள்ளப்படுகிறது. ஆழம் குறைந்த இடத்தில் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் எழும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து போன ரயிலில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

நம் மரைக்காயர்கள் இந்தக் காற்றின் கணக்கைத் தெரிந்துகொண்டுதான் பாய்மரத்தில் இலங்கைக்கும் மலாக்காவுக்கும் போனார்கள். நாகூர் தர்காவின் 131 அடி மனோரா அவர்களுக்குக் கரை அடையாளம். சிங்கப்பூரில் 1828-30இல் எழுந்த நாகூர் தர்கா நினைவிடம் அந்தப் பயணங்களின் சாட்சி.

இன்று அலையோடு இன்னொரு ஆபத்தும் சேர்ந்திருக்கிறது. 1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த எல்லைக்கோடு தண்ணீரில் தெரியாது. வாடைக்காலத்தில் எஞ்சின் நின்றால் நீரோட்டம் படகைத் தெற்கே இழுத்துப் போகும். பிடிபட்டால் படகும் போகும், குடும்பத்தின் வருமானமும் போகும். 2025 ஜனவரி 28 அன்று நெடுந்தீவு அருகே நடந்த துப்பாக்கிச்சூட்டில் காரைக்கால் படகில் சென்ற மீனவர்கள் காயமடைந்ததை மறக்க முடியாது.

யாழ்ப்பாணத்தில் உறவினர் உள்ளவர்கள் நாகப்பட்டினம்-காங்கேசன்துறை கப்பலைப் பற்றி நம்மிடம் கேட்கிறார்கள். 2023 அக்டோபர் 14இல் தொடங்கிய சேவை சில நாட்களிலேயே பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்ட் 16இல்தான் மீண்டும் ஓடியது. ஆகவே நவம்பர், டிசம்பரில் நிக்காஹ் போன்ற காரியங்களுக்குப் போகிறவர்கள் கப்பலை மட்டும் நம்பித் தேதி குறிக்க வேண்டாம். கடலுக்குப் போகும் சகோதரர்கள் 1554 என்ற கடலோரக் காவல்படை எண்ணைப் படகிலும் வீட்டிலும் எழுதி வையுங்கள்.