கம்ப்யூட்டர் வந்தும் ஓட்டை அடைபடவில்லை!
போடி ஏலத்தில் சுற்றி வரும் ஏலக்காய் மூட்டைகள்

கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒருத்தன் குறுக்கு வழியில் ஜெயித்தால், எதிராளிக்குப் பாயிண்டுதான் நஷ்டம். போடிநாயக்கனூர் கம்ப்யூட்டர் ஏலத்தில் அது நடந்தால், தோட்டக்காரர் வீட்டு அடுப்பில் பூனை தூங்கும்!

வாய்விட்டுக் கூவிய பழைய ஏலத்தில் கண்ஜாடையிலேயே விலையை அமுக்க வழி உண்டு. 2007-ல் நறுமணப் பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைக் கொண்டுவந்தது. இப்போது போடியிலும், மலைக்கு அப்பால் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் வியாபாரிகள் சாம்பிள் காயை முகர்ந்து பார்த்து, ஆளுக்கொரு கம்ப்யூட்டரில் விலையைத் தட்டுகிறார்கள்.

ஜாடை போச்சு. ஓட்டை போகவில்லை!

ஏலத்தில் எடுத்த காயையே சில வியாபாரிகள் மறுபடியும் ஏலத்துக்கு அனுப்புகிறார்கள். இதற்குப் பெயர் 'ரீபூலிங்'. ஒரே மூட்டை இரண்டு தடவை கணக்கில் ஏறுகிறது. வரத்து குவிந்தது போலத் தோன்றி விலை இறங்குகிறது. இது விவசாயிகளின் நெடுநாள் புகார்.

2019 ஆகஸ்டில் புற்றடியில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், 2022-ல் ஆயிரத்துக்கும் கீழே விழுந்தது. விளைச்சல் பெருகியது முக்கிய காரணம். விழுகிற விலையை ரீபூலிங் இன்னும் அழுத்துகிறது என்பதே தோட்டக்காரர்களின் ஆத்திரம்.

"காசு கொடுத்து வாங்கிய சரக்கை விற்கக் கூடாதா?" என்ற எதிர்க்கேள்வியும் உண்டு. தாராளமாக விற்கலாம். புதுக்காயோடு கலக்காமல், தனி நாளில் விற்கட்டுமே!

விலையைக் காட்டத்தான் எந்திரம். மூட்டை எங்கிருந்து வருகிறது என்பதை மனுஷன்தான் பார்க்க வேண்டும்.