'மேத்ஸை விட்டுடலாமா?' - வீட்டில் சொல்வதற்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க!

ரேங்க் கார்டைப் பைக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, குருசுக்குப்பம் கரையில் கொட்டியிருக்கும் பாறாங்கல் மேல் இருட்டும் வரை உட்கார்ந்திருந்த நாள் ஒன்று எனக்கு உண்டு. ப்ளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு. மேத்ஸில் 100-க்கு 18. "மேத்ஸ் வேணாம்ப்பா, வேற குரூப் மாத்திக்கிறேன்" என்று சொல்ல ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். அப்பா ஒரே வரியில் முடித்துவிட்டார். "மேத்ஸ் இல்லாம எடுக்குறதெல்லாம் ஒரு குரூப்பா?"

அதோடு பேச்சு முடிந்தது. தட்டுத்தடுமாறி ப்ளஸ் டூ பாஸ் பண்ணினேன். அதை விட்டிருக்கணுமா என்று கேட்டால், இன்றைக்கும் என்னிடம் தெளிவான பதில் இல்லை. என் வருத்தம் வேறு. விட்டால் என்ன போகும், வைத்துக்கொண்டால் என்ன கிடைக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் எழுதிப் பார்க்கவே இல்லை. நான் பயத்தில் கேட்டேன், அப்பா பயத்தில் மறுத்தார். நீங்கள் இப்போது அதே இடத்தில் இருந்தால், முதலில் ஒரு பேப்பர் எடுங்க.

கஷ்டம் எங்கே இருக்கு?

9, 10-ம் வகுப்பு புத்தகத்தில் அல்ஜீப்ரா பகுதியைத் திறந்து பத்து கணக்கு போட்டுப் பாருங்க. அங்கேயே தடுக்குதா? அப்படியென்றால் பிரச்னை ப்ளஸ் ஒன் பாடத்தில் இல்லை, பழைய பாக்கியில் இருக்கிறது. காரணிப்படுத்தத் தெரியாமல் கால்குலஸ் ஓடாது. ஒரு மாதம் அந்தப் பாக்கியை மட்டும் தீர்த்துப் பாருங்க. 18, 35 ஆனால் முடிவே மாறலாம்.

அடிப்படை சரியாக இருந்தும், ஒரே பாடம் உங்கள் மொத்த நேரத்தையும் தின்று, பிடித்த பாடங்களிலும் மார்க் விழுகிறதா? அப்போது விடுவதைப் பற்றி சீரியஸாகப் பேசலாம்.

எந்தக் கதவு மூடும்?

மேத்ஸை விட்டால் பெரும்பாலான பி.இ., பி.டெக் கதவுகளும், பி.ஆர்க் கதவும் மூடும். மெர்ச்சன்ட் நேவியில் அதிகாரி ஆகவும் பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, மேத்ஸ் வேணும். என்.டி.ஏ-வில் விமானப்படை, கடற்படைக்கும் அப்படித்தான். டெல்லி பல்கலைக்கழகத்தில் எகனாமிக்ஸ் ஹானர்ஸ் படிக்கவும் மேத்ஸ் கட்டாயம்.

மூடாத கதவுகளும் நிறைய. நீட் எழுத பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, பயாலஜி, இங்கிலீஷ் போதும். நம்ம ஊர் ஜிப்மரில் எம்.பி.பி.எஸ் சேர்க்கையும் 2020 முதல் நீட் வழியாகத்தான். நர்சிங், சட்டம், இதழியலுக்கு ப்ளஸ் டூ மேத்ஸ் தேவையில்லை. சி.ஏ-வுக்கும் கட்டாயம் இல்லை. ஆனால் அதன் ஃபவுண்டேஷன் தேர்வில் கணக்கு, புள்ளியியல் கேள்விகள் வரும் என்பதை மறக்காதீங்க.

நடுவிலும் வழி இருக்கு

புதுச்சேரி அரசுப் பள்ளிகள் 2023-24 முதல் சி.பி.எஸ்.இ-க்கு மாறின. அதில் 10-ம் வகுப்பிலேயே 'ஸ்டாண்டர்ட்', 'பேசிக்' என மேத்ஸ் தேர்வு இரண்டு வகை. பாடத்திட்டம் ஒன்றுதான், கேள்வித்தாளின் கடினம்தான் வேறு. பேசிக் எழுதிவிட்டு 11-ல் மேத்ஸ் எடுக்க முடியுமா என்பதைப் பள்ளியில் முன்கூட்டியே கேட்டுக்கோங்க. 11-ல் 'அப்ளைடு மேதமேட்டிக்ஸ்' என்று ஒரு பாடம் இருக்கிறது. காமர்ஸ் பக்கம் போகிறவர்களுக்குப் பொருந்தும். பள்ளி அனுமதித்தால், மேத்ஸை ஆறாவது கூடுதல் பாடமாகவும் வைத்துக்கொள்ளலாம்.

தமிழ்நாடு ஸ்டேட் போர்டில் இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல் என 'ப்யூர் சயின்ஸ்' குரூப் உண்டு. எந்த வாரியமாக இருந்தாலும் 11, 12 இரண்டும் சேர்ந்து ஒரே கோர்ஸ் மாதிரி. 12-க்குப் போய் மாற்றுவது லேசில் நடக்காது. முடிவு எடுக்க 11-ன் ஆரம்ப வாரங்கள்தான் நேரம்.

பக்கத்துத் தெருவில் ஒரு உதாரணம்

குருசுக்குப்பத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில், 1826-ல் தொடங்கிய பிரெஞ்சு லீசே இருக்கிறது. பிரெஞ்சு பாடத்திட்டத்தில் 2019-ல் ஒரு சீர்திருத்தம் வந்தது. அதன்படி 11-ம் வகுப்புக்கு இணையான ஆண்டில் மூன்று சிறப்புப் பாடங்கள் எடுக்கணும், அடுத்த ஆண்டு அதில் ஒன்றை விட்டே ஆகணும். அங்கே பாடத்தை விடுவது தோல்வி இல்லை, படிப்பின் ஒரு கட்டம்.

கதையின் மறுபக்கமும் இருக்கு. அந்தச் சீர்திருத்தத்தில் மேத்ஸ் விருப்பப் பாடமானதும் பிரான்ஸில் பலர் அதை விட்டார்கள், குறிப்பாக மாணவிகள். எதிர்ப்பு கிளம்ப, 2023-ல் மேத்ஸை சிறப்புப் பாடமாக எடுக்காதவர்களுக்கும் வாரம் ஒன்றரை மணி நேர மேத்ஸைக் கட்டாயமாக்கினார்கள். விடலாம், ஆனால் மொத்தமாகக் கைகழுவ வேண்டாம் என்பதுதான் அந்த அனுபவம்.

வீட்டில் எப்படிச் சொல்றது?

ரேங்க் கார்டு வந்த ராத்திரியில் பேச்சை எடுக்காதீங்க. "எனக்கு வரலை" என்று ஆரம்பிக்காதீங்க. "நான் இந்தப் படிப்புக்குப் போகணும்னு நினைக்கிறேன், அதுக்கு இந்தப் பாடங்கள் போதும்ப்பா" என்று பேப்பரை நீட்டுங்க. மூடும் கதவுகளையும் மறைக்காமல் எழுதுங்க, நம்பிக்கை அப்போதான் வரும். முடிந்தால் உங்களைத் தெரிந்த ஆசிரியர் ஒருவரையும் கூட்டிட்டுப் போங்க.

அவங்க பக்கத்தையும் கேளுங்க. "என்னை மாதிரி நீயும் வெயில்ல காயக் கூடாது" என்கிற பயம்தான் பல வீடுகளில் "இன்ஜினீயர் ஆகு" என்று வெளியே வருது. அந்தப் பயத்துக்கு பதில் சொன்னாலே பாதி சண்டை குறையும்.

இதையெல்லாம் தாண்டி, தூக்கம் போயி, சாப்பாடு இறங்காம, வாழவே பிடிக்கலை என்ற அளவுக்கு ஆனால், மார்க் பேச்சைத் தள்ளிவைங்க. உடனே 14416-க்குக் கூப்பிடுங்க. அரசின் டெலி மானஸ் இலவச மனநல உதவி எண் அது.

அந்தச் சாயங்காலம் பாறாங்கல் மேல் உட்கார்ந்திருந்தபோது என் பையில் ரேங்க் கார்டோடு ஒரு வெள்ளைத்தாளும் இருந்தது. அதில் அப்பா கையெழுத்தை மாதிரி போட்டுப் பழகிக்கிட்டிருந்தேன். உங்க பேப்பரில் அதுக்குப் பதிலா ரெண்டு பத்தி எழுதுங்க. விட்டால், விடலைன்னா.