ஓட்டை போடுவதற்கு முன்னால்...

உங்களிடம் ஒரு கார் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

(சும்மா வைத்துக்கொள்ளுங்கள் சார். காசா, பணமா?)

ஆபீஸ் போய் வர வாங்கிய பழைய டப்பா இல்லை. 1967-ம் வருஷத்து எம்.ஜி.பி. ரோட்ஸ்டர்! இரண்டே சீட்டு, மடக்கி வைக்கிற துணிக் கூரை, செக்கச் செவேலென்ற பெயிண்ட். எம்.ஜி.ஆருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த மாரிஸ் காரேஜஸ் என்கிற பெயரின் சுருக்கம்தான் எம்.ஜி. பக்கத்து ஊரான ஆபிங்டனில் 1962-லிருந்து 1980 வரை இந்த மாடலைத் தயாரித்துத் தள்ளினார்கள். கூரை வைத்த ஜி.டி.யையும் சேர்த்தால் ஐந்து லட்சத்துக்கும் மேல். உள்ளே இருப்பது 1798 சி.சி. எஞ்சின். நம் அம்பாசடரில் ரொம்ப நாள் ஓடிய 1489 சி.சி. பெட்ரோல் எஞ்சினும் இதுவும் ஒரே குடும்பம். இது கொஞ்சம் வசதியான பெரியப்பா பையன்.

காரைக் கற்பனை பண்ணியது மாதிரியே இங்கிலாந்தையும் கற்பனை பண்ணிக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை. அபூர்வமாக வெயில். மோட்டார்வேயில் அறுபது மைல் வேகத்தில் போகிறீர்கள். முன்னால் போன வேனை வலது பக்கமாக முந்தியாயிற்று. (அங்கேயும் நம்மைப் போல இடது பக்கப் போக்குவரத்துதான்.) இனி இடது லேனுக்குத் திரும்ப வேண்டும். திரும்பலாமா? பின்னால் யாராவது வருகிறார்களா?

தெரியாது. ஏனென்றால் உங்கள் காரில் சைடு மிரரே கிடையாது!

அந்தக் காலத்தில் சைடு மிரர் என்பது இட்லிக்கு வடகறி மாதிரி. தனியாகக் கேட்டால், தனியாகக் காசு கொடுத்தால், உண்டு. 'எதற்கு வீண் செலவு?' என்று அப்படியே ஓட்டிக்கொண்டு போனவர்கள் நிறைய. இந்த வயசுக் காருக்கு ஒரே ஒரு பின்பார்வைக் கண்ணாடி இருந்தால் போதும் என்று பிரிட்டிஷ் சட்டமும் இன்றுவரை விட்டுக்கொடுத்திருக்கிறது.

அந்த ஒரே ஒரு கண்ணாடி எங்கே இருக்கிறது தெரியுமா? முன் கண்ணாடியின் நட்டநடுவில் மேலிருந்து கீழே ஒரு ஒல்லிக் கம்பி ஓடும். அதில் மாட்டியிருக்கும். எஞ்சின் உறுமினால் கம்பி நடுங்கும், கம்பி நடுங்கினால் கண்ணாடி நடுங்கும். பின்னால் வருவது லாரியா, மாமனாரா என்று சொல்ல முடியாது. மழைக்குத் துணிக் கூரையை ஏற்றிவிட்டாலோ இன்னும் மோசம். அதன் பின்பக்க ஜன்னல் பிளாஸ்டிக். நாலு வருஷத்தில் மஞ்சள் பூத்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிம் மாதிரி ஆகிவிடும். காரின் மொத்த உயரமே நாலடி சொச்சம். பக்கத்தில் வரும் லாரியின் சக்கரம் உங்கள் காதோடு ரகசியம் பேசும்.

ஆகவே, சைடு மிரர் மாட்டியே தீர வேண்டும். இதில் விவாதமே இல்லை.

கார் பின்னால் பார்க்கிற சமாசாரத்தில் முன்னோடி ஒரு பெண்மணி. டாரத்தி லெவிட் என்கிற ஆங்கிலேய ரேஸ் வீராங்கனை, 1909-ல் பெண்களுக்காக எழுதிய கார் புத்தகத்தில், 'கைக்கண்ணாடி ஒன்று எடுத்துப் போங்கள்; அவ்வப்போது தூக்கிப் பிடித்துப் பின்னால் வருவதைப் பார்க்கலாம்' என்று யோசனை சொன்னார். இரண்டு வருஷம் கழித்து 1911-ல், அமெரிக்காவின் முதல் இண்டியானாபோலிஸ் 500 மைல் ரேஸ். மற்றவர்கள் பின்னால் பார்த்துச் சொல்ல பக்கத்தில் ஒரு மெக்கானிக்கை உட்கார வைத்துக்கொள்ள, ரே ஹாரூன் மட்டும் தனியாளாக ஒரு கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். ஜெயித்தும் விட்டார்! பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டதுதான் வேடிக்கை: செங்கல் பாவிய அந்த டிராக்கில் கண்ணாடி போட்ட ஆட்டத்தில் உருப்படியாக ஒன்றும் தெரியவில்லையாம்.

இந்த ஆட்டத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி வரும்.

சரி, நம் சிவப்புக் காருக்கு வருவோம். பளபளவென்று குரோம் பூசிய இரண்டு மிரர்கள் வாங்கியாச்சு. கையில் ட்ரில். அறுபது வருஷமாக யாரும் ஓட்டை போடாத கதவு. கை நடுங்குகிறதா? நடுங்கணும். பெயிண்ட் அடித்தால் கீறல் மறையும், ஓட்டை மறையாது. இடம் தப்பாகிவிட்டால் தகரம் வைத்து வெல்டிங் பண்ணி, பட்டி பார்த்து, முழுக் கதவுக்கும் பெயிண்ட் அடித்து... மிரர் வாங்கிய காசைப் போலப் பல மடங்கு ஆகும்.

நிறையப் பேர் செய்கிற தப்பு என்ன தெரியுமா? காருக்கு வெளியே நின்றுகொண்டு இடம் குறிப்பது. 'இங்கே வைத்தால் அம்சமா இருக்கு' என்று ஓட்டை போட்டுவிட்டு, உள்ளே உட்கார்ந்தால் மிரரில் தெரிவது தன் தோள்பட்டை மட்டும்!

முதலில் உள்ளே உட்காருங்கள். எப்போதும் ஓட்டுகிற நிலையில் சீட்டைத் தள்ளி, பெல்ட் போட்டு, சாய்ந்து உட்காருங்கள். வெளியே ஒரு நண்பர், கையில் மிரர், அடியில் கொஞ்சம் ஒட்டுக்களிமண். அவர் நகர்த்த, நீங்கள் 'இன்னும் முன்னாடி... போதும்... கொஞ்சம் பின்னாடி' என்று ரயில்வே கார்டு மாதிரி சிக்னல் கொடுக்க வேண்டும். இந்தக் காரின் கதவில் முன்பக்கம் ஒரு முக்கோணக் கண்ணாடி உண்டு. பழைய அம்பாசடரில் பார்த்திருப்பீர்களே, அதேதான். மிரரை ஒரேயடியாக முன்னால் வைத்தால் அந்தச் சட்டம் குறுக்கே வந்து பாதியை மறைக்கும். பின்னால் வைத்தால் கழுத்தைத் திருப்ப வேண்டும். அதற்கு நேராகத் திரும்பியே பார்த்துவிடலாம். இதையெல்லாம் கூரையை இறக்கி ஒரு தடவை, ஏற்றி ஒரு தடவை பார்க்கணும்.

இடது பக்கம்தான் உண்மையான தலைவலி. நீங்கள் உட்கார்ந்திருப்பது வலது ஓரம். பார்வை பக்கத்து சீட்டைத் தாண்டிப் போக வேண்டும். அங்கே ஓர் ஆளை உட்கார வைத்துப் பாருங்கள். வீட்டுக்காரம்மாவே உட்காருவது நல்லது, தினம் உட்காரப் போவது அவர்தானே. தட்டைக் கண்ணாடி தூரம் போகப் போகக் கொஞ்சமாகத்தான் காட்டும். அதனால் இடது பக்கத்துக்குக் குவிந்த கண்ணாடி தேவலை. நிறையக் காட்டும், ஆனால் எல்லாவற்றையும் சின்னதாக, தள்ளி இருப்பது போலக் காட்டும். 'ஜுராசிக் பார்க்' (1993) படத்தில் ஜீப்பின் மிரரில் டைனோசர் துரத்தி வருமே, அதில் எழுதியிருந்த எச்சரிக்கை இதற்குத்தான்!

இரண்டு மிரரும் டேப் வைத்து அளந்த மாதிரி ஒரே இடத்தில் இருக்கணும் என்று அடம்பிடிப்பவர்கள் உண்டு. போட்டோவுக்கு அழகுதான். ஓர் அங்குலம் முன்னே பின்னே இருந்தால் லாரி தெரியும் என்றால், என் ஓட்டு லாரிக்குத்தான்.

இடம் முடிவாச்சா? அவசரம் வேண்டாம். உள்பக்கத்துக் கதவு அட்டையைக் கழற்றிப் பாருங்கள். முக்கோணக் கண்ணாடியின் கால் கதவுக்குள்ளே இறங்கியிருக்கும். ஜன்னல் கண்ணாடியும் அங்கேதான் ஏறி இறங்கும். ஜன்னலை மேலே ஏற்றிவிட்டுத்தான் ட்ரில்லைத் தொடணும். இல்லையென்றால் ஓட்டையோடு 'சலங்' என்று ஒரு சத்தமும் கேட்கும். கதவை முழுக்கத் திறந்தால் மிரர் மட்கார்டில் இடிக்கிறதா என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள்.

பிறகு பெயிண்ட் மேல் காகித டேப். டேப் மேல் புள்ளி. புள்ளியில் பஞ்சால் ஒரு சின்னத் தட்டு. தட்டாவிட்டால் ட்ரில் வழுக்கிக்கொண்டு கதவில் கோலம் போடும். முதலில் 3 மில்லிமீட்டர் பிட், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிசு. பிட்டில் ஒரு மரக்கட்டைத் துண்டைச் செருகி, நுனி மட்டும் வெளியே தெரிகிற மாதிரி வைத்தால் ரொம்ப உள்ளே பாயாது.

ஓட்டை விழுந்த கையோடு மிரரை மாட்டிவிட ஆசை வரும். விடாதீர்கள்! ஓட்டையின் விளிம்பில் தெரிவது வெறும் இரும்பு. இங்கிலாந்து மழை சும்மா இருக்குமா? பிசிறை அரத்தால் ராவி, பிரைமர் தடவி, பெயிண்ட் தடவி, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, ரப்பர் கேஸ்கெட் வைத்துத்தான் மாட்டணும். கதவுத் தகடு அப்பளம் மாதிரி மெல்லிசு. உள்பக்கம் ஒரு தடித்த பட்டை கொடுத்து நட்டை முடுக்கினால்தான் ஹாரூனுக்கு வந்த ஆட்டம் உங்களுக்கு வராது.

ஓட்டையே வேண்டாம் என்பவர்களுக்குக் கவ்விப் பிடிக்கிற மிரர்களும் உண்டு. காரை விற்கும்போது தழும்பில்லாமல் விற்கலாம். பிடி தளர்ந்தால் காற்றில் திரும்பிக்கொண்டு வானத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

எல்லாம் முடிந்து மறுநாள் அதே மோட்டார்வே. இடது மிரரில் குட்டியாக ஒரு லாரி. குட்டியாகத் தெரிகிறதே என்று திரும்பிவிடாமல் காத்திருக்கிறீர்கள். அது தடதடவென்று காதருகே கடந்து போகிறது. பக்கத்து சீட்டில் ஒரு பெருமூச்சு.

முதல் ஐம்பது மைல் ஓடியதும் நட்டை ஒருமுறை இறுக்கிவிடுங்கள். ஸ்பானர் எங்கே என்று தேடாதீர்கள். அது வீட்டில், கதவு அட்டையைக் கழற்றிய இடத்திலேயே கிடக்கிறது.