எஞ்சியிருப்பது எத்தனை நாள்?

பலர் கூடிச் செய்யும் பணியில், 'வேலை எந்த நிலையில் உள்ளது?' என்னும் வினா வாரந்தோறும் எழும். 'தொண்ணூறு விழுக்காடு முடிந்துவிட்டது' என்று விடை வரும். அடுத்த வாரமும் அதே தொண்ணூறு; அதற்கடுத்த வாரமும் அதுவே. விடையளித்தவர் பொய்யுரைக்கவில்லை. கழிந்த உழைப்பை அவர் எண்ணிப் பார்க்கிறார். எஞ்சிய உழைப்பைப் பற்றி அவரிடம் எவரும் கேட்கவில்லை. முன்னேற்றத் தகவலைத் திரட்டுவதிலுள்ள இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகிறது.

அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி காண்ட், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பணிகளைக் காலக்கோட்டின்மீது பட்டைகளாக வரைந்து காட்டும் முறையைப் பரவச் செய்தார். ஆயினும் ஒரு பணியின் தாமதம் மற்றவற்றை எவ்வாறு தாக்கும் என்பதை அப்பட்டைகள் தெளிவாக உணர்த்தவில்லை. 1950களின் இறுதியில் டுபாண்ட் நிறுவனத்தின் மார்கன் வாக்கரும் ரெமிங்டன் ராண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் கெல்லியும் உருவாக்கிய மாறுநிலைப் பாதை முறை அக்குறையைப் போக்கியது. இன்றைய திட்ட அட்டவணை மென்பொருள்கள் அம்முறையையே அடிப்படையாகக் கொண்டு கணக்கிடுகின்றன.

பள்ளி வகுப்பறை ஒன்றைக் கட்டுவதாகக் கொள்வோம். அடித்தளத்திற்கு 20 நாள்கள், சுவருக்கு 25, மேல்தளத்திற்கு 30, பூச்சுக்கு 15, கதவுகளைப் பொருத்த 5 என ஒன்றன்பின் ஒன்றாக 95 நாள்கள் ஆகும். கதவுகளைச் செய்யும் தச்சுப்பணி தனியே 40 நாள்களில் முடியும். அதன் தேவையோ 90 நாள்களுக்குப் பின்னரே எழும். ஆகவே, முதல் நாளே தொடங்கினால் தச்சருக்கு 50 நாள்கள் இடைவெளி உண்டு. அவர் பத்து நாள்கள் தாமதித்தாலும் திறப்பு நாள் மாறாது. சுவர் எழுப்புவோர் மூன்று நாள்கள் தாமதித்தாலோ திறப்பு விழாவும் மூன்று நாள்கள் தள்ளிப்போகும். இவ்வாறு முடிவு நாளைத் தீர்மானிக்கும் பணிகளின் தொடரே மாறுநிலைப் பாதை எனப்படும்.

மென்பொருள் இக்கணக்கை நொடியில் செய்துவிடும். ஆனால், களத்தில் நடப்பதை அது தானே அறியாது. எவரேனும் கூறியாக வேண்டும். தச்சர், கொத்தனார், மின்பணியாளர் ஆகிய அனைவருக்கும் அம்மென்பொருளைக் கற்பிப்பது வீண்வேலை. விரிதாளோ பலருக்கும் பழகிய கருவி. டான் பிரிக்லினும் பாப் ஃபிராங்ஸ்டனும் உருவாக்கி 1979இல் வெளிவந்த விசிகால்க் தொடங்கி, கட்டங்களில் எண்களை இட்டுக் கணக்கிடும் அம்முறை அலுவலகங்கள்தோறும் பரவியது. எனவே, தகவலை விரிதாளில் திரட்டி, அதனை மென்பொருளுக்கு மாற்றுவதே நடைமுறைக்கு ஏற்றது.

அவ்விரிதாளில் மிகுதியான நெடுவரிசைகள் வேண்டா. பணி எண், பொறுப்பாளர், தொடங்கிய நாள், முடிந்த நாள், எஞ்சிய நாள்கள், தடை ஆகிய ஆறு போதும். பணி எண் மென்பொருளில் உள்ளவாறே இருத்தல் இன்றியமையாதது. அதுவே இரண்டையும் இணைக்கும் பாலம். விழுக்காட்டுக்கு இதில் இடமில்லை என்பதைக் கவனிக்க. டெல்லி மெட்ரோ பணியிடங்களில், ஈ. ஸ்ரீதரன் தலைமையின்கீழ், எஞ்சியுள்ள நாள்களைக் காட்டும் கடிகாரங்கள் நிறுவப்பட்டிருந்தமை இங்கு நினைக்கத்தக்கது. அவை கடந்த நாள்களைக் கணக்கிட்டுக் காட்டவில்லை.

தேதியை எழுதும் முறையிலும் விழிப்பு வேண்டும். 03/04 என்பதை நாம் ஏப்ரல் 3 எனப் படிப்போம். அமெரிக்க முறையில் அமைக்கப்பட்ட கணினி அதனை மார்ச் 4 எனக் கொள்ளும். ஒரு மாதப் பிழை ஓசையின்றி உள்ளே நுழைந்துவிடும். ஆகவே, கட்டத்தில் தேதி வடிவத்தை முன்னரே வரையறுத்தல் நன்று. மேலும், எல்லோரும் ஒரே நாளின் நிலையைத் தெரிவிக்க வேண்டும். ஒருவர் திங்கள் நிலையையும் மற்றொருவர் வெள்ளி நிலையையும் எழுதினால், கூட்டிப் பெறும் படம் எந்த நாளுக்கும் உரியதாகாது. ஆளுக்கொரு படியை மின்னஞ்சலில் அனுப்பாமல், ஒரே விரிதாளை அனைவரும் பகிர்ந்து நிரப்புவதே தக்க வழி.

புதிய தேதிகளை ஏற்றுமுன், தொடக்கத் திட்டத்தை அடிப்படைத் திட்டமாக மென்பொருளில் சேமித்துவைக்க வேண்டும். அவ்வாறு செய்யாவிடில், தாமதம் நேருந்தோறும் திட்டமும் உடன்நகர்ந்து, எதுவும் தாமதமாகவில்லை என்பதுபோல் தோன்றும்.

ஆறு நெடுவரிசைகளுள் பெரும்பாலும் வெற்றாக விடப்படுவது 'தடை' என்பதே. மணல் வரவில்லை என்று எழுதியவரையே முதலில் கடிந்துகொள்ளும் தலைவரிடம், அடுத்த வாரம் முதல் மணல் தட்டுப்பாடு குறித்த செய்தி வருவதில்லை. அங்கே விரிதாள் முழுவதும் நிறைவாகவே காட்சியளிக்கும். சுவர் மட்டும் உயராது.