உங்களுக்குத் தெரியுமா? ஐந்து பவுண்டில் ஷேக்ஸ்பியர்

லண்டனில் தேம்ஸ் நதியின் தென்கரையில் இருக்கிறது ஷேக்ஸ்பியரின் குளோப் நாடக அரங்கம். அங்கே மேடைக்கு மிக அருகில் உள்ள இடத்துக்குத்தான் மிகக் குறைந்த கட்டணம்! நடுமுற்றத்தில் சுமார் 700 பேர் நின்று பார்க்கலாம். 1997-இல் இதற்கு 5 பவுண்டு. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த விலையை ஏற்றவில்லை. இப்போதும் 5 பவுண்டிலிருந்து டிக்கெட் உண்டு.

முற்றத்தில் இருக்கை எண் கிடையாது. அதனால் நண்பர்கள் ஆறு பேர் போனாலும் ஆளுக்கொரு மூலையில் பிரிய வேண்டியதில்லை. கதவு திறக்குமுன் வரிசையில் நின்றுவிட்டால், மேடை விளிம்பிலேயே கையை ஊன்றிக்கொண்டு பார்க்கலாம். நடிகரின் நெற்றி வியர்வைகூடத் தெரியும். சில காட்சிகளில் நடிகர்கள் கூட்டத்தை விலக்கிக்கொண்டுதான் மேடைக்கே வருவார்கள்.

விதிகள் கறாரானவை. நாடகம் நடக்கும்போது முற்றத்தில் உட்காரக் கூடாது. மேலே கூரை இல்லை, ஆனாலும் குடை விரிக்கக் கூடாது, மழைக்கோட்டுதான் துணை. மூன்று மணி நேரம் நின்றால் கால் வலிக்கும், உண்மைதான். நல்ல செருப்பு போட்டுக்கொண்டு போங்கள். வலிக்குப் பயந்து இந்த இடத்தை விட்டுவிடாதீர்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்தில் நின்று பார்க்க ஒரு பென்னி. தேர்ந்த கைவினைஞரின் நாள் கூலி ஏறத்தாழ 12 பென்னி. இன்னொரு பென்னி கொடுத்தால் மாடத்தில் உட்காரலாம். மூன்றாவது பென்னிக்கு மெத்தை கிடைக்கும். வசூல் முழுக்க மண் உண்டியலில்! அருகிலிருந்த ரோஸ் அரங்கின் அடித்தளத்தை 1989-இல் தோண்டியபோது உடைந்த உண்டியல் துண்டுகளும், ஹேசல்நட் ஓடுகளும் கிடைத்தன.

முதல் குளோப் பிறந்த கதையே ஒரு நாடகம். ஷோர்டிச் பகுதியில் 'தியேட்டர்' என்ற பெயரிலேயே ஓர் அரங்கம் இருந்தது. கட்டடம் ஷேக்ஸ்பியரின் சக நாடகக்காரர்களான பர்பேஜ் சகோதரர்களுடையது, நிலம் வேறொருவருடையது. குத்தகை முடிந்தது, புதுப்பிப்பதில் தகராறு. 1598 டிசம்பர் 28 அன்று, நில உரிமையாளர் ஊரில் இல்லாத நேரம் பார்த்து, தச்சர் பீட்டர் ஸ்ட்ரீட்டை அழைத்துக்கொண்டு போய் அரங்கத்தையே பிரிக்கத் தொடங்கினார்கள். அந்த மரங்கள் ஆற்றைக் கடந்து தென்கரைக்கு வந்தன. 1599-இல் குளோப் எழுந்தது. நில உரிமையாளர் வழக்குத் தொடுத்தும் பலிக்கவில்லை.

1613 ஜூன் 29. எட்டாம் ஹென்றி நாடகத்தில் சுட்ட பீரங்கியின் பொறி புல்வேய்ந்த கூரையில் பற்றி, அரங்கம் எரிந்து போனது. ஒருவரின் கால்சட்டையில் தீப்பிடிக்க, கையிலிருந்த பீரை ஊற்றி அணைத்ததாக அக்காலக் கடிதம் ஒன்று சொல்கிறது. 1614-இல் ஓட்டுக்கூரையோடு மீண்டும் கட்டினார்கள். 1642-இல் நாடாளுமன்றம் நாடகங்களையே தடைசெய்தது.

இன்றைய குளோப்பைக் கட்டவைத்தவர் ஓர் அமெரிக்கர்! நடிகர் சாம் வானமேக்கர் 1949-இல் லண்டன் வந்து குளோப்பைத் தேடியபோது, ஒரு மதுவடிசாலைச் சுவரில் நினைவுப்பலகை மட்டுமே இருந்தது. 1970-இல் அறக்கட்டளை தொடங்கி, நிதிக்காகப் பல ஆண்டுகள் அலைந்தார். 1993-இல் இறந்துபோனார், திறப்பு விழாவைப் பார்க்கவில்லை. 1666-இன் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் நாணல் கூரைக்கு அனுமதி பெற்ற முதல் கட்டடம் அவருடைய இந்தக் கனவுதான்.

2012-இல் இங்கே 37 நாடகங்களை 37 மொழிகளில் நடத்தினார்கள். இந்தி, குஜராத்தி, உருது, வங்காளம் எல்லாம் இருந்தன. பிரிட்டிஷ் சைகை மொழியிலும் ஒரு நாடகம். தமிழ் இல்லை. அடுத்த முறை நம் குழு ஒன்று அந்த மேடையில் நிற்க வேண்டும் என்பது என் தீராத ஆசை.

குளோப்பில் மாலைக் காட்சியிலும் பார்வையாளர்களை இருட்டில் வைப்பதில்லை. பகல் போலவே எல்லார் மீதும் வெளிச்சம். நீங்கள் சிரிப்பதை எதிர்மாடத்துத் தோழி பார்க்கலாம், நடிகரும் பார்ப்பார்.

காட்சிக்கு முன் சந்திக்க இடமா? பக்கத்திலேயே டேட் மாடர்ன், பழைய மின்நிலையத்தில் 2000-இல் திறந்த கலைக்கூடம். நிரந்தரக் காட்சிக்குக் கட்டணமில்லை. பசித்தால் பரோ சந்தை நடக்கும் தூரம். மேற்கே நடந்தால் நேஷனல் தியேட்டர். அதன் முன்கூடத்தில் டிக்கெட் இல்லாதவர்களும் அமர்ந்து பேசலாம்.

குளோப்பைவிட மலிவும் உண்டு. ஸ்லோன் சதுக்கத்திலுள்ள ராயல் கோர்ட் அரங்கின் சில நிற்குமிடங்களை வெறும் 10 பென்ஸுக்கு விற்றிருக்கிறார்கள். மேடை முழுதாகத் தெரியாது. வசனம் முழுதாகக் கேட்கும்.