கறையான் போடும் மதிப்பெண்

செஞ்சியை அடுத்த வல்லம் வட்டாரத்தில் வீடு கட்டுவோர் நிலைக்கும் உத்தரத்துக்கும் பூச வாங்கும் மருந்து கறையானைத் தடுக்குமா என்பதற்கு ஆய்வகம் தரும் விடை, மருந்தோடு நில்லாமல் கறையானின் இனத்தையும் மரத்துக்குள் மருந்து ஏறிய அளவையும் பொறுத்தது.

மரக்காப்பு மருந்து என்பது மரத்தைப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் உணவாகாமல் ஆக்கும் வேதிப்பொருள். 1933இல் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சோந்தி காமேசன் கண்டறிந்து, பின்னர் உலகெங்கும் பரவிய ‘ஆஸ்கு’ கலவையில், செம்பு பூஞ்சையையும் ஆர்செனிக் பூச்சியையும் தடுக்க, குரோமியம் அவ்விரண்டையும் மரத்தோடு பிணைத்து நிறுத்தியது.

இத்தகைய மருந்து கறையானைத் தடுக்கிறதா என்று அறிய, ஐரோப்பியத் தரமுறை 117இன்படி, வெவ்வேறு செறிவில் மருந்து ஏற்றிய சிறு மரத்துண்டுகளை ஈரமணல் கொண்ட கலங்களில் 250 தொழிலாளிக் கறையான்களோடு எட்டு வாரம் வைத்து, சிதைவை 0 முதல் 4 வரை மதிப்பிடுகிறார்கள். தேவையானால் துண்டுகளை முன்னதாக 14 நாள் நீரில் ஊறவைத்து, மழையில் கரைந்தோடும் மருந்தை வெளியேற்றிவிடுவதும் உண்டு. மருந்திடாத துண்டுகளும் உடன் வைக்கப்படுகின்றன. அவை நன்றாக அரிக்கப்படாவிட்டால், மருந்திட்ட துண்டு தப்பியதற்குக் கறையானின் நலிவே காரணமாக இருக்கலாம் என்பதால், சோதனை செல்லாது. இந்தக் கண்டிப்புதான் இம்முறையின் உயிர்நாடி.

ஆனால் அங்கே பயன்படும் ரெட்டிகுலிடெர்மிஸ் இனம், சிறு கூட்டமாகப் பிரித்து வைத்தாலும் மரத்தைத் தின்று வாழக்கூடியது. தமிழகத்தில் புற்றெழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் கறையானோ, புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்த்து அதன் துணையால் மரத்தைச் செரிப்பது. தோட்டத்தையும் கூட்டத்தையும் விட்டுப் பிரித்தால் கலத்துக்குள் நெடுநாள் தாங்காது. எனவே நம் நாட்டில் ஆய்வகச் சோதனையைவிட, மருந்திட்ட முளைகளைக் கறையான் மிகுந்த நிலத்தில் பாதி புதைத்து, ஆண்டுக்கணக்கில் பிடுங்கிப் பார்க்கும் களச்சோதனைக்கே எடை அதிகம். இந்தியத் தரம் 4833 வகுப்பதும் அதையே. பொறுமையைச் சோதிக்கும் முறைதான், ஆயினும் நம் மண்ணுக்கு அதைவிட நம்பகமான சான்று இல்லை.

மருந்து வாங்குவோர் இரண்டைக் கேட்டறிய வேண்டும்: சோதிக்கப்பட்ட மரத்தின் ஒரு கன மீட்டருக்குள் எத்தனை கிலோ மருந்து ஏறியிருந்தது, அது அழுத்தத்தால் ஏற்றப்பட்டதா, மேலே பூசப்பட்டதா? அழுத்த உருளையில் மருந்தேறிய மரம் பெற்ற மதிப்பெண், தூரிகையால் ஒரு கை பூசிய கதவு நிலைக்குப் பொருந்தாது.